ஃபோர்கே முகூர்த்தம்

திருநகர் கல்யாண மண்டபத்தில், மேடைக்குக் கீழே, கேமராவையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு முத்துக்குமரன் வியர்த்து நிற்கிறான். மணப்பெண் தீப்தியின் அம்மா ஜானு, நேற்று அறுவை சிகிச்சை முடிந்து, காளவாசல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி இவன் அனுப்பும் நேரலையைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வழியில் தொலைந்துபோகும் படத்துணுக்குகளை ஈடுகட்ட, இணைய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை உபரித் துணுக்குகளுக்கென்று இவன் ஒதுக்கியிருந்தான். பெண்ணின் அப்பா வெங்கட்ரமணன் காலையிலேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "அனுப்புனதையே எதுக்குய்யா மறுபடி அனுப்புற? ஃபோர்கே துல்லியத்துல நேரலைன்னு பத்திரிகையில அடிச்சிருக்கேன். அம்புட்டையும் படத்துக்கே குடு."

இப்போது கெட்டிமேளம். ஒரு கையில் அட்சதையும் மறு கையில் போனுமாக மண்டபமே எழுந்து நிற்கிறது, ஆளுக்கொரு நேரலை, எல்லாம் ஒரே இணையத்தில். லேப்டாப்பில் இணைப்பின் நிலையைக் காட்டும் பச்சைக்கோடு மஞ்சளாகிச் சிவப்பாகிறது. முத்துக்குமரன் மேடையைப் பார்த்துக் கத்துகிறான். "சார், படம் ஒடையுது சார். தரத்தக் கொறைச்சு, உபரிய மறுபடி போட்ரவா?"

வெங்கட்ரமணன் பட்டு அங்கவஸ்திரத்தோடு மேடை விளிம்பில் குனிகிறார். கேமரா முழுக்க அவர் முகம். "கொறைச்ச, அப்புறம் நடக்குறதே வேற!"

நீட்டிய விரலோடு படம் அப்படியே உறைகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. திரையிலோ அவர்தான், மீசை முடி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கிற துல்லியத்தில். அவர் போன் அடிக்கிறது. மேளச் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போடுகிறார்.

"என்னங்க, தாலி ஏறிருச்சா?" ஜானுவின் குரல் பதறுகிறது. "ஏன் என்னையவே மொறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? கொஞ்சம் தள்ளுங்களேன்."