சுவரைப் பார்த்து நிற்பவர்

கைபேசி பழுதுபார்ப்பவர் மேசை விளக்கடியில் மனைவியின் கைபேசிக்குப் புதுக் கண்ணாடி பொருத்தி முடிக்கிறார். "லாக்கைத் திறந்து பாரு" என்று நீட்டிவிட்டு, வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். யாருடைய பாஸ்வேர்டும் தன் கண்ணில் படக்கூடாது என்பது அவர் கடையின் சட்டம். சுவரில் வரிசையாகத் திருப்புளிகள் மின்னுகின்றன. பின்னால் வளையல் குலுங்கச் சிரிக்கிறாள் அவள். அவருடைய கட்டைவிரலை இழுத்து, ஒட்டியிருந்த பசையைத் துடைத்து, கைபேசியின் ஓரத்தில் வைத்து அழுத்துகிறாள். அது பட்டென்று திறந்துகொள்கிறது. அவர் திகைத்துப்போய், "என் ரேகை எப்படி இதுல?" என்கிறார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டீங்களே, அப்போ பதிஞ்சுக்கிட்டேன்." "பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" "யாருக்கும் குடுக்கலையே" என்கிறாள் அவள், விரலை விடாமல்.