எல்லாத்துக்கும் அஞ்சு

"இதுக்கும் அஞ்சு போட்டுக்கோங்க, தங்கச்சி."

"நான் இன்னும் கேள்வியையே படிக்கலையே அண்ணே."

"படிங்க, கேட்டுக்குறேன். ஆனா அஞ்சுதான்."

அவள் பேனாவை மூடிவிட்டுச் சாவிக்கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் கம்பியில் தொங்கிய சாவிகள் காற்றில் ஆடி, ஒன்றோடொன்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தன.

போன மாதமும் இதே முக்காலியில் உட்கார்ந்து இதே கேள்விகளைத்தான் கேட்டாள். மருத்துவ ஆராய்ச்சியாளர்களை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அளக்கும் கேள்விகள். துளியும் நம்பவில்லை என்றால் ஒன்று, முழுக்க நம்பினால் ஐந்து. பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு வெளிநாட்டிலிருந்து தருவித்த கேள்வித்தாள் அது. அதை வரிக்கு வரி முட்டி மோதித் தமிழாக்கியவள் அவள்தான்.

அன்றைக்கு மனிதர் விளாசித் தள்ளிவிட்டார். எலி கிடைக்காத நாளில்தான் அவர்களுக்கு நம் ஞாபகம் வரும் என்றார். மருந்தின் ஆபத்துகளை மறைக்காமல் சொல்வார்களா என்று கேட்டதற்கு, பூட்டை விற்கிறவன் அது எங்கே தட்டினால் திறக்கும் என்று சொல்லித்தான் விற்கிறானா என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

உள்ளே சாவி ராவிக்கொண்டிருந்த அவர் மனைவி, "கட்டின நாள்லேருந்து என் சமையலையே நம்பாத மனுஷன். ஆராய்ச்சிக்காரங்க எந்த மூலைக்கு?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். போனால் போகிறது என்று ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு போடச் சொன்னார்.

இன்று மறுசுற்று. சில வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளைக் கேட்டால் பதில்கள் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மொழிபெயர்ப்பில்தான் கோளாறு என்பது ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரின் கட்சி. ஏற்கெனவே இரண்டு பேர் காலை வாரியிருந்தார்கள். இன்னொருவரும் கவிழ்த்துவிட்டால் அவள் தமிழாக்கம் குப்பைக்குப் போகும், பின்னாலேயே அவள் வேலையும் போகும் என்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார். சாவிக்கடைக்காரர் ஒருவராவது சொன்ன சொல் மாறமாட்டார் என்று மலைபோல நம்பித்தான் கடைசியாக இங்கே வந்திருந்தாள்.

மலை இப்படி ஒரே மாதத்தில் தலைகீழாக நிற்கும் என்று யார் கண்டது?

அவள் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். இதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது, தன் முகத்துக்காகப் பதில் சொல்ல வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அவரும் ரொம்பச் சரி என்று தலையாட்டிவிட்டு, நோயாளியின் நலனைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு ஐந்து, தவறு நடந்தால் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதற்கு ஐந்து என்று சொல்லிக்கொண்டே போனார்.

கேள்வித்தாளில் ஒரு கண்ணி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்கிறவர்களைப் பிடிக்க, நடுவில் ஒன்றை மட்டும் எதிர்மறையாக வைத்திருப்பார்கள். போன மாதம் அவர் ஐந்து போடச் சொன்னது அதற்கு மட்டும்தான். அவள் அதை நிதானமாகப் படித்தாள். நோயாளிக்குத் தெரியாமலேயே அவர் மேல் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

"அஞ்சு."

"அப்படிச் செய்யறாங்கன்னு முழுக்க நம்பறீங்களா அண்ணே?"

அவருக்கு வியர்த்துவிட்டது. "இல்ல இல்ல. அப்ப ஒண்ணு போடுங்க. எதைப் போட்டா நல்லதோ அதைப் போடுங்க, தங்கச்சி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பேச்சை மாற்ற அக்கம்பக்கம் பார்த்தாள். உள்ளே ராவும் இயந்திரத்தின் மேல் துணி மூடியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பையில் ஃப்ளாஸ்க்கும் மடித்த போர்வையும் துருத்திக்கொண்டிருந்தன. கேலி செய்ய இன்று அண்ணியும் இல்லை, பயணம் ஏதாவதா என்று கேட்டாள். ஆமாம், கடையைச் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒருவழியாகக் கடைசிக் கேள்வியும் முடிந்தது. அதற்கும் ஐந்து. மனசு கேட்காமல் அவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். தன் வேலை அவர் வாயில்தான் இருக்கிறது, விளையாட வேண்டாம் என்றாள்.

"போன மாசம் எல்லாம் ஒண்ணு. இப்ப எல்லாம் அஞ்சு. இதுல எது அண்ணே நிஜம்?"

அவர் தேய்த்து முடித்த ஒரு சாவியை எடுத்து மறுபடியும் தேய்த்தார்.

"அவளுக்கு நுரையீரல்ல கட்டியாம். உங்க பெரிய ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்கோம். புது மருந்து ஒண்ணு குடுத்துப் பாக்குறாங்களாம், ஆனா கேக்குற எல்லாருக்கும் கிடைக்காதாம். அவங்களாப் பாத்துத்தான் ஆள் எடுப்பாங்களாம்."

பிறகு அவள் மடியிலிருந்த தாள்களைப் பார்த்தபடியே, பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"போன மாசம் நான் சொன்னதைக் கிழிச்சுப் போட்டுடுறீங்களா, தங்கச்சி?"