மணல்மேட்டைச் சுற்றி வந்தவள்

விசிட் விசாவில் வந்திருந்த மனைவி வடிவை, ஒரு வெள்ளிக்கிழமை ராக்கப்பன் ஷார்ஜாவிலிருந்து பாலைவனம் பார்க்கக் கூட்டிப்போனான். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் அவளே ஆக்கி எடுத்து வந்திருந்தாள்.

ஒட்டகக்காரன் அவளை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டுக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் மறுபக்கமாக அவள் தனியே நடந்து வந்தாள்.

"இடுப்பு வலிக்குதுங்க, இறங்கிட்டேன்" என்று பாயில் உட்கார்ந்து பரிமாறினாள். அவன் களியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தபோது ஒட்டகம் திரும்பி வந்தது. மேலே வடிவு இருந்தாள், அதே பச்சைச் சேலையில்.

சிரித்துக்கொண்டு வந்தவள், பாயில் இருந்தவளைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"ஏங்க, என்னைய இறக்கி விடுங்க!"

எழப்போனவனின் மணிக்கட்டைப் பாயில் இருந்தவள் பிடித்தாள். அதுவும் அவனுக்குப் பழகிய பிடிதான்.

"களி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

ஒட்டகக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒட்டகத்தை மேட்டுப் பக்கம் திருப்பினான். ராக்கப்பன் பிடியை விடுவிக்காமல் பாயிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மேட்டுக்குப் பின்னால் மறையும்போது ஒட்டகத்தின் மேலிருந்து வடிவு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதே இல்லை.