உலை ஏன் அணைகிறது?

"நீங்க பக்கத்துல இல்லாதப்ப மட்டும்தான் அணையுதா?" என்று ஹெட்போனில் கேட்டான் விளையாட்டுக் கூட்டாளி.

மருமகள் யோசித்தாள். ஆமாம். கணினி விளையாட்டில் யாரோ ஒரு ரசிகர் எழுதிச் சேர்த்த பெரிய இரும்பு உலை அது. அவள் சாப்பிட்டுவிட்டு வந்தால் குளிர்ந்து கிடக்கும். கரியை மாற்றினாள், குழாய்களைப் பிரித்துப் பூட்டினாள், சுவரையே இடித்துக் கட்டினாள். பலனில்லை.

"சாயங்காலத்துக்குள்ள நம்ம குழு கட்டுற பாலத்துக்கு இரும்பு வரலைன்னா உலையை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. போற மாதிரி போய் ஒளிஞ்சு பாருங்க."

விளையாட்டுக்குள்ளேயே கரிக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்தாள். புது ஆள் ஒருவன் வந்தான். இரண்டு முறை சுவரில் முட்டிக்கொண்டு, எப்படியோ உலையை நெருங்கிக் காற்றுக்குழாயை மூடினான். அதே நொடியில் ஹாலில் மவுஸ் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். மாமனார்.

"மாமா, நீங்களா?"

"பின்ன? ஆளில்லாத இடத்துல அடுப்பு எரியலாமாம்மா? உன் புருஷன்கிட்ட சொல்லித்தான் இதுல சேர்ந்தேன். தினமும் நான்தான் அணைக்கிறேன்."

"அது விளையாட்டு மாமா. இன்னிக்கு இரும்பு கொடுக்கலைன்னா உலையை என்கிட்டயிருந்து எடுத்துருவாங்க. ஒரு நாளாவது எரிய விடுங்க."

"விளையாட்டுன்னா பொறுப்பு வேணாமா? எரியவிட்டா பக்கத்துலயே உட்காரணும்."

சமையலறையிலிருந்து பால் பொங்கித் தீயும் வாடை வந்தது.

"பாலை யாரு மாமா அடுப்புல வச்சது?"

மாமனார் மவுஸை மெதுவாக நகர்த்தி, மூடிய காற்றுக்குழாயைத் திறந்துவிட்டார். பிறகு எழுந்து சமையலறைப் பக்கம் போனார்.