நனையாத போன்

ஊர்காவற்றுறைக் கரையில் வெயில் ஏறிவிட்டது. மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. யாகப்புவின் படகு மட்டும் இல்லை. காற்று வலுக்கிறது. சின்னத்தங்கம் கணவன் யாகப்புவுக்கு மறுபடியும் போன் எடுக்கிறாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று அதே பெண்குரல் சொல்கிறது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் நிலக்சனா பக்கத்தில் நின்று கைப்பையைக் கிளறுகிறாள்; கார்ச் சாவி மட்டும் கையில் வருகிறது. "அம்மா, என்ரை கார்த் திறப்பு போட்டிருந்த கறுத்தப் பை எங்கை?" "அப்பா போன் போடுற ஷொப்பிங் பை கிழிஞ்சு போச்சு. போன் நனையுமெண்டு உன்ரை கறுத்தப் பையைக் குடுத்துவிட்டனான். நல்ல தடிப்பு." மகளின் கை அப்படியே நிற்கிறது. "ஐயோ, அது தண்ணிக்கில்லை அம்மா. கள்ளர் திறப்பின்ரை சிக்னலைப் பிடிக்காமல் மறைக்கிற பை. அதுக்குள்ளை போனுக்கும் சிக்னல் வராது, ஆர் எடுத்தாலும் கோல் போகாது." "அப்ப அவருக்கு ஒண்டுமில்லைத்தானே?" மகள் அடிவானத்தில் படகைத் தேடுகிறாள். பையைக் கொடுத்த கையைச் சின்னத்தங்கம் சேலையில் துடைக்கிறாள். திரும்பவும் துடைக்கிறாள். கடலின் வெளிச்சத்தில் கண் கூசுகிறது.

வெகுநேரம் கழித்து எஞ்சின் சத்தம் கேட்கிறது. உப்புப் படிந்த முகத்தோடு யாகப்பு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வருகிறார். "வலை கல்லிலை மாட்டிப்போச்சு. இவ்வளவு நேரமாகியும் வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு கோல் எடுக்க மனமில்லை, என்ன?" சிரித்துக்கொண்டே பையைத் திறந்து போனை எடுத்து நீட்டுகிறார். "பாரும், ஒரு சொட்டு ஈரமில்லை." அவர் உள்ளங்கையில் போன் விழித்துக்கொள்கிறது. தவறிய அழைப்புச் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து ஒலிக்கின்றன, நிற்காமல், எல்லாம் மனைவியுடையவை. அவர் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. சின்னத்தங்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.