நூறு கியூப் மண்

"நூறு கியூப் மண்ணைக் காணேல்லை, மாரிசாமியண்ணை!"

"திருடிட்டாங்களா சேர்?"

"முப்பது டிப்பர் மண்ணை ஆர் திருடுறது?"

"அப்ப பன்னி கிண்டியிருக்குமோ?"

சேந்தன் தலையில் கை வைத்தான். பூனாகலைத் தோட்டத்தில் இருபது வீடு கட்ட ஒதுக்கிய நிலத்தை அளக்க வந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் அவன். முந்தாநாள் எடுத்த மட்டத்தை இன்று சரிபார்த்தால், மண்வெட்டியே படாத நிலம் மொத்தமும் நாலு அங்குலம் இறங்கியிருந்தது.

"குறியிலதானே கோலைப் பிடிச்சனீங்கள்?"

"சத்தியமா சேர். நான் பெயிண்டு அடிச்ச அதே செவப்புக் குறி. மயிரிழை வெலகல."

அந்தக் குறியை வைத்துத்தான் மற்ற எல்லா உயரமும் கணக்கு. அட்டைக்குப் பயந்து சேந்தன் தேயிலைக்குள் இறங்கியதே இல்லை. தூரத்தில் செடிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுகோலைக் கருவி வழியாகப் பார்த்து எழுதிக்கொள்வான்.

"அப்ப மலைதான் வழுக்குது. இஞ்ச வீடு கட்டேலாது. ஒஃபிசுக்குச் சொல்லவேணும்."

மாரிசாமியின் முகம் செத்துவிட்டது. வீடு கிடைக்கப்போகும் இருபது பேரில் அவர் பேரும் உண்டு.

"பொறந்ததுலேருந்து ஒழுகுற லயத்து அறையிலதான் கெடக்கேன் சேர். இன்னொரு தடவ அளங்க. மலைக்கு மனசு மாறியிருக்கும்."

சேந்தன் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. கீழே ரோட்டோரம், பாக்கியலெட்சுமியின் தேத்தண்ணிக் கடை வாசலில்தான் கிடைக்கும். அட்டைகளை உதறி உதறி இறங்கியவன், வாசலில் கிடந்த மர வாங்கில் உட்காரப் போனான்.

"ஐயோ, அதுல குந்தாதீங்க சேர்!" மாரிசாமி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"மூணு நாளா இதே ரோதனை!" பாக்கியலெட்சுமி உள்ளேயிருந்து கத்தினாள். "இது மேல கம்ப நிறுத்திக்கிட்டு, வர்றவங்க ஒருத்தரயும் குந்த விடமாட்டேங்கிறாரு. மழத்தண்ணியில கால் உளுத்துப் போவுமேன்னு நேத்துதான் நாலிஞ்சிக் கல்லு வச்சுத் தூக்கிவிட்டேன்!"

சேந்தன் குனிந்து பார்த்தான். பலகையின் நட்டநடுவே, சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி.

"நீங்கதானே சேர் சொன்னீங்க," என்றார் மாரிசாமி பெருமையாக. "நல்ல உறுதியானதாப் பாத்து பெஞ்ச் மார்க் போடுங்கோன்னு. இந்தத் தோட்டத்துலயே உறுதியான பெஞ்சு இது ஒண்ணுதான்!"