பூக்கல்

"நாள் பூரா கல்லு மேல கல்ல வச்சு என்னத்தக் கண்ட?" என்று மகள் ஜெனிட்டாவை ஏசிய அமலதாஸ், அவள் டியூஷனுக்குப் போனதும், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். விளையாட்டுக்குள் ஒரு கோட்டை நின்றது. வாசல் சுவரில் நாற்பது பூக்கற்கள். அத்தனையும் ஜெனிட்டா ஒவ்வொன்றாகப் பூச் செதுக்கியவை. ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் மவுஸை அழுத்திப் பிடித்தார். கல் விரிசல்விட்டு, நொறுங்கி, இல்லாமலே போனது. கடப்பாறை இல்லாமல் வெறுங்கையால் பெயர்த்தால் அந்த உலகத்தில் எந்தக் கல்லும் மிஞ்சாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? திரையின் அடியில் வரிசையாக இருந்தவற்றில் பூ இல்லாத மொட்டைக்கல் ஒன்றை எடுத்து, அரைமணி நேரம் தடுமாறி, ஓட்டையை அடைத்தார்.

சாயங்காலம் ஜெனிட்டா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா அதத் தொடப்போறேன்?"

அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா."

மறுநாள் அவள் வெளியே போனதும் மறுபடி திறந்தார். நாற்பது இடத்திலும் மொட்டைக்கல்லையே வைத்திருந்தாள். அவற்றில், தான் வைத்தது எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.